கெம்பம்மா மேல் நான் போட்ட பழி

ஜவளகிரி
14-9-1956

சிரஞ்சீவி சென்னகிருஷ்ணனுக்கு அப்பா முனிவேல் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஜபல்பூரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க சாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சௌக்கியம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. ராகி நன்றாகப் பிடித்திருக்கிறது, சானமாவுப் பக்கம் யானை இறங்கியிருப்பதாகப் பேச்சு, நம் பக்கம் இன்னும் வரவில்லை. இதையெல்லாம் எழுதி நான் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சித்திரையில் உனக்கு எழுதினேன் அல்லவா, குழந்தை சம்பங்கிக்குக் கை முறிந்து ஆறி இப்போது தொடையும் முறிந்துவிட்டது, உன் பெண்சாதி கெம்பம்மாதான் கீழே போட்டுவிட்டு மறைக்கிறாள், அவளைக் குந்தாரப்பள்ளிக்கு அவள் அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன் என்று. நீயும் என்னை நம்பி அவளுக்குக் கோபமாக எழுதினாய். அவள் போட்டதை நான் பார்க்கவில்லையப்பா. யாருமே பார்க்கவில்லை. நான் போடல மாமா, துணி மாத்தக் காலைத் தூக்கினேன் அவ்வளவுதான் என்று ஊர்க்காரர் நாலு பேர் நடுவில் நின்று அழுதாள். இரண்டு வயசுக் குழந்தைக்குத் தானாக எலும்பு முறியுமா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன், குழந்தையையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் உன் அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டி, துடைப்பதற்காக இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினேன். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், வலது கை தொங்கிவிட்டது. அப்போதுகூட என் புத்தி போன போக்கைப் பார், உன் அம்மா வந்ததும், குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். கட்டுப்போட வந்த ராஜப்பனிடமும் அதையே சொன்னேன், ஒருவரும் மறுபேச்சு பேசவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாள் சோறு இறங்காமல் நாலாம் நாள் உன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே குழந்தையோடு ஓசூர் போய் பஸ் ஏறி பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே குழந்தையின் கண்ணைப் பார்த்தார். வெள்ளை விழி நீலம் பாய்ந்திருக்கிறதே, அதை நாம் அழகு என்று நினைத்தோம், அதுதான் இந்த வியாதிக்கு அடையாளமாம். பிறவியிலேயே எலும்புக்குப் பலம் இல்லை, இருபது வருஷத்தில் நான் இப்படிப் பார்க்கிற மூன்றாவது குழந்தை இது, யார் தப்பும் இல்லை, இதற்கு மருந்தும் இல்லை, வளர வளர முறிவது குறையலாம் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். கையைப் பிடித்துத் தூக்காமல் முதுகுக்கு அடியில் இரண்டு உள்ளங்கையும் கொடுத்துத் தூக்கக் காட்டினார். பிறகு, இவள் தாய் எங்கே என்று கேட்டார்.

அங்கிருந்து நேரே குந்தாரப்பள்ளிக்குப் போய்விட்டேன். அவள் அப்பன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கெம்பம்மா, எந்தக் கை என்று மட்டும் கேட்டாள். டாக்டர் காட்டின மாதிரியே முதுகுக்கு அடியில் கை கொடுத்துக் குழந்தையை வாங்கினாள். உனக்கு யாரம்மா சொன்னது என்றேன். மொதல் தடவ முறிஞ்சதிலிருந்து இப்படித்தான் தூக்குறேன் மாமா, நீங்கதான் பாக்கல என்றாள். மன்னிப்பு கேட்டதற்கு, எனக்கு வேணாம், அந்த நாலு பேர்கிட்டயும் சொல்லுங்க, அவருக்கும் உங்க கையாலயே எழுதுங்க என்றாள். நாலு பேரிடமும் சொல்லிவிட்டேன். இது உனக்கு.

குழந்தை அவளிடம்தான் இருக்கிறது, கட்டு சரியாக ஆறி வருகிறது. அவளை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை, நீதான் எழுத வேண்டும். எனக்குப் பதில் பிறகு போடலாம். லீவு கிடைத்ததும் நேரே குந்தாரப்பள்ளிக்குப் போ, என்னைப் பார்க்க அவசரப்படாதே. குளிரில் கம்பளி போட்டுக்கொள். உனக்கு நீண்ட ஆயுள் கொடுக்கச் சாமியைக் கேட்கிறோம், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கக் கூசும் அப்பா,
முனிவேல்