நம் தெருவிலிருந்து போகிற கோடு

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்று போனில் நான் கத்தினேன், நீயும் கத்தினாய், பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், காகிதத்திடம் நீ குறுக்கே பேச முடியாது பார். முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள், கையெழுத்தைக் கிண்டல் செய்யாமல் முழுதாகப் படி.

போன விடுமுறையில் நீ தெருத்தெருவாகப் போய், வேறு ஊருக்குக் குடிபோகிற எண்ணம் உண்டா, எந்த ஊர், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினாய் அல்லவா, அதையெல்லாம் கோடுகளாகப் போட்ட வரைபடம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். என் மக படிக்கிறது மலை ஆறு பத்தின புவியியல் இல்லைங்க, மனுஷங்க எங்கேருந்து எங்கே போறாங்கன்னு கணக்குப் போடுற புவியியல் என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்தேன். முகத்தில் சோப்பு நுரையோடு தலையாட்டினார்கள், பாவம், வேறு என்ன செய்வார்கள்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு லாரிக்காரன் ஷேவிங்குக்கு வந்தான். கழுத்தில் கத்தி வைத்திருக்கிறேன், படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், அண்ணே, நம்ம தெருவுலேருந்து ஒத்தக் கோடு கடல் பக்கமா போகுதே, அது யாரு என்று கேட்டான். கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தேன். கடலோரத்தில் அக்கா இருப்பது நம் தெருவில் அவன் மனைவிக்குத்தான், நீ தையல் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு. வேகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தைக்கிறாளே, அது ஏன் என்று தெருவுக்கே தெரியும், அவனைக் கேட்கத்தான் ஒருவருக்கும் துப்பில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அது நாங்கதாம்பா, மச்சான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, கடையை மூடிட்டுப் போயிடலாம்னு பாக்குறோம் என்று. அவன் உடனே, சொல்லவே இல்லையே அண்ணே, நம்ம லாரியிலேயே சாமானை ஏத்திடலாம் என்கிறான். அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எப்போ கிளம்புறீங்க என்கிறான். அம்மாவுக்கு முட்டிவலி என்று தள்ளிப்போடுகிறேன். அவளும் அவனைக் கண்டால் நொண்டுகிறாள், சில சமயம் கால் மாறிவிடுகிறது.

படத்தைக் கழற்றிவிட்டேன். ஆனால் அடியில் நீ போட்டிருந்த இணைய முகவரியை அவன் போனில் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். இன்னும் திறக்கவில்லை போல, திறந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். அம்மா திறந்தாள். அந்தக் கோட்டைத் தொட்டால் ஊர்ப் பெயர் வருகிறது, பெண், முப்பதுக்கு மேல், இரண்டு பிள்ளைகள், போகுமிடம் அக்கா வீடு என்று வருகிறது. பெயர் போடவில்லையே என்கிறாய், இதற்குமேல் பெயர் எதற்கடி? ஐந்து பேருக்குக் குறைவான கோடுகளைத் தனியாகக் காட்டியிருக்கக் கூடாது, அவசரத்தில் விட்டுப்போச்சுப்பா என்று நீயேதான் சொன்னாய். இப்போது மாற்றினால் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும், அட்டவணையெல்லாம் மறுபடி போட வேண்டும், பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், சமர்ப்பித்த பிறகு பார்க்கிறேன் என்றாய். அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

இன்று காலை உன் தையல் அக்கா தன் சின்ன மகளைச் சலூனுக்குக் கூட்டிவந்தாள். அவன் லோடு ஏற்றிப் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். பேனு அண்ணே, பையன் மாதிரி ஒட்ட வெட்டிடுங்க என்றாள். தலையில் ஒரு பேன்கூட இல்லை, நான் எதுவும் கேட்காமல் வெட்டினேன். படம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, தங்கச்சிகிட்ட சொன்னது தங்கச்சியோடவே இருக்கும்னு நினைச்சேன் என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெற்ற தாயிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நாளையோ மறுநாளோ அவள் கிளம்பிவிடுவாள், பூட்டின வீட்டைப் பார்த்த பிறகு என் பொய்யை அவன் நம்புவானா? போனை எடுத்து அந்த முகவரியைத்தான் திறப்பான்.

பட்டம் தள்ளிப்போனால் போகட்டும். இந்த வருஷமே வாங்கிவிடுவாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்தான், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், தாங்கிக்கொள்கிறேன். நீ இன்றைக்கே பேராசிரியரைப் பார், உள்ளதைச் சொல், திட்டினால் வாங்கிக்கொள். உன்மேல் கோபம் இருக்கிறது, ஆசையும் அதே அளவு இருக்கிறது. நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். ஞாயிறுக்கு முன்னால் அந்தக் கோடு போக வேண்டும், மறந்துவிடாதே.

உன்னைத் திட்ட உரிமையுள்ள
அப்பா

பி.கு. எழுதி முடிப்பதற்குள் எதிர்வீட்டில் பூட்டுத் தொங்குகிறது, நாளை வரைகூட அவள் பொறுக்கவில்லை. அவளுடைய போனை அணைத்துவிட்டாள் போல, லாரிக்காரன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், மேசையில் போன் அதிர்கிறது. நீ அந்தக் கோட்டை எடுத்துவிட்டேன் என்று சொல், அப்புறம்தான் நான் அவனிடம் பேசுவேன்.