ஒன்பது செவ்வாயும் சாமினியின் கொம்பியூட்டரும்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசையால வந்து

அன்பு மகள் சாமினிக்கு,

சின்னம்மா எழுதுறன். அந்தக் குளிருக்குள்ள தடிமன் காய்ச்சல் அண்டாமல் தேவமாதா உன்னைப் பொத்தி வைச்சிருப்பா எண்டு நம்புறன், இஞ்ச ஆண்டவரின்ர கிருபையால எனக்கும் சித்தப்பாவுக்கும் குறையொண்டுமில்லை, அவரின்ர முழங்கால் மட்டும் படியேற மாட்டன் எண்டு அடம் பிடிக்குது. நேற்றும் போனில கதைச்சுப் போட்டு இப்ப ஏன் கடிதம் எண்டு நினைப்பாய். இதைப் போனில சொல்ல வெளிக்கிட்டா ஒண்டில் நீ சிரிப்பாய், இல்லாட்டி நான் அழுவன். மேல்மாடி ரூபிகா படிக்கிறதுக்குப் புதன்கிழமை உன்ர பின்லாந்துக்குத்தான் வாறாள், கறித்தூள் பார்சலுக்குள்ள இதையும் வைச்சு விடுறன்.

பிள்ளை, போன மாசம் நீ சொன்னாய், அந்தப் பெரிய கொம்பியூட்டரில உனக்கு நேரம் தரமாட்டினமாம், ரெண்டு வருசமாச் செய்த கணக்கு அரைவாசியில நிக்குதாம், வேலையும் ஓகஸ்டோட முடியுதாம், புரொபெசர் இன்னொருக்கா எழுதிக் கேள் எண்டுறார், எனக்கு அலுத்துப் போச்சு, விட்டுட்டு வாறன் சின்னம்மா எண்டு. நான் ஐயோ எண்டனான். ஆனா போனை வைச்ச கையோட குசினிக்குள்ள போய் அந்தோனியார் படத்துக்கு முன்னால நிண்டு நன்றி சொன்னனான். ஏனெண்டா நீ நத்தார்ப் பண்டிகைக்கு வந்து திரும்பின கிழமையில இருந்து ஒன்பது செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போய், மெழுகுதிரி கொளுத்தி, என்ர பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து தாரும் எண்டு நேர்த்தி வைச்சனான். ஒன்பதாம் செவ்வாய் முடிஞ்சு மூண்டாம் நாள் உனக்கு அந்தப் பதில் வந்தது. அண்டைக்குத் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கேல்ல. உன்ர படிப்பில நானே மண்ணள்ளிப் போட்டனோ எண்டு.

சித்தப்பாவுக்குச் சொன்னன். உன்ர செபத்துக்கு அவ்வளவு பலமெண்டா ஏனப்பா என்ர முழங்கால் இன்னும் நோகுது எண்டு கேக்கிறார். இந்த மனுசனோட என்னத்தைக் கதைக்கிறது. பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனன், புதுசா வந்திருக்கிற இளம் சுவாமி. அந்தோனியார் பின்லாந்துக்குப் போய் வயர் கழட்டிறவர் இல்லை அன்ரி எண்டு முதல் சிரிச்சார். பிறகு சத்தம் போடாமல் கேட்டார், நீங்கள் கேட்டது பிள்ளைக்காகவோ உங்களுக்காகவோ எண்டு. மூண்டு அருள்நிறை மரியே சொல்லி, பிள்ளைக்கும் உண்மையை எழுதச் சொல்லிப் பரிகாரம் தந்தார். அந்த மூண்டும் அங்கயே சொல்லிப் போட்டன், இதுதான் மிச்சம்.

போன திங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில கூட்டேக்க அலுமாரிக்குக் கீழ இருந்து ஒரு கடலை வந்தது. ஞாபகமோ, நத்தாருக்கு உன்ர ஆராய்ச்சி என்ன எண்டு நான் கேக்க, சித்தப்பாவிட்ட ஒரு தட்டைக் குடுத்து, நீ ஒண்டை மேசையில நிமித்திப் பிடிச்சு, நடுவில கடலையை உருட்டி விட்டனி. ரெண்டு பேரும் தட்டை நெருக்க நெருக்க அது அங்கயும் இஞ்சயும் பட்டுப் பட்டு வேகம் கூடி, கடைசியில ஆருக்கும் பிடிபடாமல் ஓடிட்டுது. சூரியன்ல இருந்து அலை வரேக்க சின்னச் சின்னத் துணிக்கையளும் அலைக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இப்பிடித்தான் போய்ப் போய் வருமாம், ஒவ்வொருக்காத் திரும்பேக்கயும் வேகம் கூடுமாம், அதைத்தான் கொம்பியூட்டரில செய்து பாக்கிறன் எண்டனி. கடலையைக் கையில வைச்சுக்கொண்டு அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். நீயும் பேராதனைக்குப் போனாய், வந்தாய். ஜப்பானுக்குப் போனாய், வந்தாய். ஒவ்வொருக்கா வந்து போகேக்கயும் இன்னும் தூரம் போனாய். நான்தான் தட்டை விட்டிட்டுக் கையால பொத்திப் பிடிக்கப் பாத்தனான். உன்ர அம்மா, யூஜினா அக்கா, சாகேக்க நாலு வயசில உன்னை என்ர கையில தந்தவ. இவளைப் படிப்பி எண்டுதான் சொன்னவ, வைச்சிரு எண்டு சொல்லேல்ல.

அதால மகள், புரொபெசர் சொன்ன மாதிரி இன்னொருக்கா எழுதிக் கேள், கடைசி நாள் வாற மாசம் பத்து எண்டனியெல்லோ. கிடைக்காட்டி வா, உன்ர அறை அப்பிடியே கிடக்கு, நான் ஒரு கேள்வியும் கேக்க மாட்டன். ஆனா நான் கும்பிட்டதுக்காக வராதை. தூளை ஃபிரிட்ஜில வை, தலை ஈரத்தோட வெளிய போகாதை, ஞாயிறுப் பூசையை விடாதை. கடலையைக் கடதாசியில சுத்தி உள்ளுக்கு வைச்சிருக்கிறன், அவிச்சுப் போடாதை.

உன்ர நெத்தியில சிலுவை போட்டு ரெண்டு பேரும் ஆசீர்வதிக்கிறம். புது நேர்த்தி போன செவ்வாய் தொடங்கிட்டன். இந்தமுறை அந்தோனியாருக்கு விளக்கமாச் சொன்னனான், பிள்ளை வாற மாசம் பத்தாந் திகதிக்கு முன்னம் எழுதி அனுப்புவாள், மிச்சத்தை நீர் பாரும் எண்டு. நீ அனுப்பாட்டி அவருக்கு முன்னால எனக்குத்தான் வெக்கம்.

உன்ர சின்னம்மா
பிறிஜெற்