உடன் வருபவர்

ஜூன் 17

முதலில் ஒரு மன்னிப்பு. இது கண் முகாமுக்கு வருகிறவர்களின் பெயர் எழுத ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டு. முன்பக்கம் அவர்களுக்கு. பின்பக்கத்திலிருந்து நான் எழுதிக்கொள்கிறேன். வாயால் சொல்ல வராததை வேறெங்கே வைப்பது?

இன்று கீழப்பாவூர் முகாம். பெயர், வயது, ஊர், உடன் வருபவர். கண்புரை ஆபரேஷனுக்கு வேனில் ஏற்ற வேண்டுமானால் அந்தக் கடைசிக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், யாராவது. குனிந்தே இருக்கலாம் என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

மதியம் வேனுக்குள் பேப்பரை விரித்து மூன்று டிபனையும் ஒன்றாக வைப்போம். பொறுப்பாளர் ஜெயசித்ரா அக்கா, ஆசியா, நான். எட்டு மாதமாக இப்படித்தான். அம்மா வைத்த புளிக்குழம்பு ஆசியாவுக்கு என்றே ஆகிவிட்டது. "ஏட்டி செல்வி, உங்க அம்மாவ ஒருநா பாக்கணும்ட்டி. அந்தக் கைக்கு வளையல் போடணும்" என்றாள். சிரித்து வைத்தேன்.

ஜூன் 19

சாரல் விழுந்தால் டீமோடு போய்க் குளிப்பது வழக்கமாம். சனிக்கிழமை முகாம் முடிந்ததும் போகிறோம். ஐந்தருவிக்கு.

ஐந்தருவிக்கா?

சேர்ந்த அன்று "அம்மா என்ன பண்ணுதாங்க?" என்று கேட்டார்கள். "வீட்லதான்" என்றேன். சீசனில் அம்மா ஐந்தருவிப் பாதையில் பழக்கடை போடுகிறாள். ரம்புட்டான், மங்குஸ்தான். எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி அந்தப் பழத்தில் வந்தது. அன்றைக்கே திருத்தியிருக்கலாம். மறுநாளாவது. ஏன் செய்யவில்லை?

ஜூன் 21

எழுத முடியவில்லை.

ஜூன் 22

ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தோம். அத்தனை கடை இருக்க, ஆசியா நேராகப் போய் அம்மா முன்னால் நின்றாள்.

"ஆச்சி, கால் கிலோ என்ன வெல?"

அம்மா சொன்னாள்.

"ஏ யம்மா, பழமா தங்கமா? பாதி அழுகல் வேற!"

அம்மா ஒவ்வொரு பழமாகத் தடவி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து எடுத்தாள். "வா ஆசியா, போவோம்" என்று சொல்லிவிட்டேன். அம்மா நிமிர்ந்தாள். என் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

ஒரு பழத்தை உரித்து என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் ஒண்ணு தின்னு பாருங்க பாப்பா. இதுக்குக் காசு வேண்டாம்."

வாங்கித் தின்றேன். தின்றேனே!

என்னைத் தெரியாததுபோலப் பேச அவள் யோசிக்கக்கூட இல்லை. எத்தனை வருஷமாக இதற்குத் தயாராக இருந்தாள்?

ஜூன் 24

"அம்மா, அன்னைக்கி—"

"அன்னைக்கி நல்ல யாவாரம்."

அவ்வளவுதான். ஆனால் என்னைக் கூப்பிடுகிற 'ஏட்டி' போய்விட்டது. எழுப்ப ஏட்டி, சாப்பிட ஏட்டி, திட்ட ஏட்டி என்றிருந்தவள். இப்போது, "சோறு இருக்கு." "கதவச் சாத்தணும்." சுவரிடம் சொல்வதுபோல.

திட்டித் தொலைக்கக் கூடாதா.

ஜூலை 3

ஆசியாவிடம் சொல்லிவிட்டேன். கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் முகம் செத்துப்போனது.

"உங்க அம்மாட்டயாட்டி அழுகல்னேன்? என்னைப் பேசவிட்டுட்டு நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்க. எட்டு மாசமா அவங்க கொழம்பத் தின்னவ நான்."

மதியம் டிபனை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள். புளிக்குழம்பு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. அம்மா திறந்து பார்த்து மூடி வைத்தாள்.

ஜூலை 4

முன் சீட்.

ஜூலை 15

முன் சீட்தான். சுந்தரபாண்டியபுரத்தில் இன்று அறுபது பேர். "எத்தன நாளா மங்கலாத் தெரியுது?" அறுபது தடவை கேட்டேன். கடைசி ஆளிடம் கேட்கும்போதுதான் உறைத்தது. பழத்தைக் கண்ணருகே கொண்டுபோனாளே. பொங்கலுக்கு முந்தி ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாளே. நான் வேலை பார்ப்பது கண் முகாமில்!

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எனக்கென்ன, நல்லாத் தெரியுது" என்று திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 26

குற்றாலத்தில் முகாம், சீசன் கடைக்காரர்களுக்காக. அம்மாவை வரச் சொல்லி நேற்றே கெஞ்சினேன். "கடைய யாரு பாக்கது?"

பதினொரு மணிக்கு ஆசியாவைக் காணோம். அக்கா கத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆசியா வந்தாள், அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு. என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பதிய என் மேசைக்கு அனுப்பினார்கள். எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டேன். சந்தனமாரி, ஐம்பத்திரண்டு என்று அவளும் சொன்னாள்.

"உடன் வாரது யாரு?"

"யாரும் இல்ல பாப்பா. தனியாவே போயிருவேன்."

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஆளில்லாம வேன்ல ஏத்த முடியாது ஆச்சி. வீட்ல ஒருத்தருமே இல்லியா?"

அம்மா இல்லையென்று தலையாட்டினாள். எனக்காக. இன்னமும் எனக்காக.

எழுதினேன். முத்துச்செல்வி. உறவு: மகள். எழுத்து கோணிவிட்டது.

அக்கா குனிந்து படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த பெயரை அவளே கேட்கத் தொடங்கினாள். சாயங்காலம் வேன் கிளம்பும்போது நோட்டை என்னிடம் கொடுத்து, "ஆஸ்பத்திரியில காட்டு. அங்கனயே இரு, ரெண்டு நாளைக்கு இங்கன வராத" என்றாள். பின்பக்கத்தைப் படித்தாளா, தெரியவில்லை.

வேனில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "இதனால வேலைக்கு ஒண்ணும் வராதுல்லா?"

ஜூலை 27

ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே கூட்டிப்போய் அரைமணி ஆகிறது.

ஆசியா போன் செய்தாள். "இன்னைக்கி லீவு போட்டுட்டு கடையில இருக்கேன். ஒன்கிட்ட சொல்லல. அம்மாட்ட சொல்லு." வைத்துவிட்டாள்.

உள்ளே போகுமுன் நர்ஸின் முன்னால் அம்மா, "பாப்பா, நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றாள். மகள் என்று எழுதிக் கொடுத்த பிறகும். அவள் வெளியே வந்ததும் கேட்டுவிட வேண்டும். வாய் வராமல் போனால் இதைப் பார்த்தாவது வாசித்துவிட வேண்டும்.

அம்மா, ஒரு தடவ ஏட்டின்னு கூப்பிடும்மா.