தலைதீபாவளிக்குக் கொடுத்த விதை வெங்காயம்

மண்ணச்சநல்லூர்
28-3-1962

அன்பு மகன் அழகிரிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க சமயபுரத்தாள் துணை. இரும்பாலையில் உலைப் பக்கம் அசட்டையாக நிற்காதே.

இந்த வருஷம் நம் வெங்காயம் போய்விட்டதப்பா. ஐப்பசியில் நட்டது மார்கழியில் தாள் நுனி மஞ்சளாகிச் சாய்ந்தது, பிடுங்கினால் வேரே இல்லை, அடியில் வெள்ளைப் பூசணமும் நாற்றமும்தான். விவசாயம் பார்க்கிற கிராமசேவக் வந்து பார்த்து, இது மண்ணில் தங்குகிற நோய், அழுகினதை எருக்குழியில் போட்டீங்களா என்று கேட்டார். போட்டது நான்தான். போன வருஷம் வெங்காயம் சேர்த்துவைத்த பட்டறையில் அழுகினதைக் குழியில் கொட்டி, அந்த எருவையே வைகாசி நடவுக்கு வயல் முழுக்க அடித்தேன், புத்திகெட்டவன். பார்க்க நல்ல வெங்காயமாக இருந்தாலும் விதையோடு நோய் போகும், போன மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கும் என்றார். அந்த வைகாசி வெள்ளாமையில் பொறுக்கிய விதை வெங்காயத்தில் இரண்டு மூட்டையைத்தானே உன் தங்கை பூரணியின் தலைதீபாவளிச் சீரோடு துறையூருக்கு ஏற்றிவிட்டேன்.

அங்கேயும் அழுகிவிட்டது. அவள் மாமனார் பெரியண்ணன், "இத்தனை வருஷமா இல்லாத கேடு, மருமக கால் வச்ச நேரம் வந்துடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லி, அவளை வயலில் இறங்கவே விடவில்லையாம். உன் அம்மா வெள்ளிதோறும் திருவானைக்காவலுக்குப் போய் விளக்குப் போட்டு அழுதாள், நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது என்று பயம், வேறென்ன சொல்ல.

மாசி அமாவாசை கழிந்து பஸ் ஏறிப் போய், "அவ கால் இல்லீங்க, நான் குடுத்த விதைங்க" என்று சொல்லிவிட்டேன். காபி குடிச்சிட்டுப் போங்க என்றார் பெரியண்ணன், அவ்வளவுதான். காபி கொண்டுவந்த பூரணி, "உங்களுக்கு எப்பப்பா தெரியும்?" என்று கேட்டாள். மார்கழியிலேயே தெரியும் என்றேன். உள்ளே போனவள் நான் கிளம்பும்போது வெளியே வரவில்லை.

இனி நாலைந்து வருஷம் இரண்டு வீட்டு வயலிலும் சோளம்தான். அது கிடக்கட்டும். நீ தங்கைக்கு உடனே ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. எனக்காகப் பரிந்து ஒன்றும் எழுத வேண்டாம், அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேள். நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை.

நீ நூறாண்டு நன்றாயிரு.

உன் அப்பா
வெள்ளைச்சாமி