பாதி வழியில் திரும்பிய கோடிச் சேலை

என் அருமைத் தங்கச்சி செல்லம்மாவுக்கு,

எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். எழுபத்திரண்டு வயதில் முதியோர் வகுப்பில் கற்றது. நாலு வரிக்கே விரல் வலிக்கிறது. ஆனாலும் உன் பெயரை என் கையாலேயே எழுதிவிட்டேன், ஆத்தா. திருக்கோகர்ணத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

போன வாரம் ஒரு வரலாற்றுப் பாடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் என்று ஒரு பெரிய ஊர். போருக்குப் பயந்து சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் மதிலுக்குள் வந்து நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அங்கே கொள்ளைநோய் புகுந்தது. ஊர்த் தலைவனையும் அது விடவில்லை. நோயாளியைப் பார்க்கப் போனவர்கள் செத்தார்கள். யாரும் போகாத வீடுகளில் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் செத்தார்கள். யாருக்கோ அடுக்கிய சிதையில் தங்கள் வீட்டுப் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். அத்தனைக்குப் பிறகும் சண்டையை விடவில்லை. கடைசியில் தோற்று, மதிலும் இடிபட்டது. பழைய பலம் அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

அதற்கு மேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன். "அது நடந்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சுங்கய்யா, நீங்க ஏன் கலங்குறீங்க?" என்று டீச்சர் கேட்டது. "அவருக்கு அங்கிட்டு சம்பந்தி வீடு இருக்கும்போல" என்று பக்கத்துப் பெஞ்சில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொரோனாவில் நீ போனபோது, உன்மேல் கடைசியாகப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடி வரட்டும் என்று மச்சான் சுடுகாட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தாராம். போலீஸ் மறித்துவிட்டது என்று பிறகு சொன்னேன். அது பொய், செல்லம்மா. யாரும் மறிக்கவில்லை. கோடிச் சேலையோடு மொபெட்டில் பாதி வழி வந்தேன். உங்கள் வீட்டில் இன்னும் மூன்று பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்று எதிரே வந்த ஒருவர் சொன்னார். திரும்பிவிட்டேன். பயம்தான்.

ஏதென்ஸ்காரர்கள் சிதை வரைக்குமாவது வந்தார்கள். நான்?

உன் மகள் சரசு பொன்னமராவதியில் நன்றாக இருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம், "போலீஸ் மறிச்சா நீங்க என்ன மாமா செய்வீங்க, விடுங்க" என்கிறாள். அவள் ஆறுதல் சொல்லச் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்தப் பொய்யைச் சுமந்து களைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவளோடு இருக்கும் மச்சான் வாசலைக் காட்டினாலும் சரி. சரசு என்ன சொன்னாள் என்பதை, ஒரு சொல் மறைக்காமல், அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

கோடி போடாத உன் அண்ணன்,
கருப்பையா