பின்னால் நிற்க ஒரு ஆள்

மேலூரில் இருக்கும் மருமகளுக்கு,

வண்டியூர்த் தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் என் மகன் தள்ளாடியபோது, கை கொடுக்காமல் ஓரடி பின்னால் நின்றாயே, அதை நான் மறக்கவில்லை. மயில்கழுத்து நிறச் சேலை கட்டியிருந்தாய். அங்கேயே உன்னை வைதேன். நீ பிள்ளையோடு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று ஆஸ்பத்திரியில், அவனுடைய சிறுமூளை வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, பாதங்களைச் சேர்த்து வைத்து எதையும் பிடிக்காமல் நிற்கச் சொன்னார்கள். அவன் ஆடியதும் என் கை தானாக நீண்டுவிட்டது. மறுபடி நிற்க வைத்தார்கள். மறுபடியும் பிடித்தேன்.

"அப்பத்தா, அவர் நிக்கிறாரா, நீங்க நிப்பாட்டி வச்சிருக்கீங்களா? செத்த நேரம் வெளிய உக்காருங்க" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

உன் புருஷனுக்குச் சிரிப்பு. "எம் பொண்டாட்டி பின்னாடி நிப்பா. விழுந்தா மட்டும்தான் பிடிப்பா. அவ நின்னா எனக்குப் பயமில்ல" என்று அவளிடம் சொன்னான்.

நான் வெளியே வந்த பிறகும், போன மாதம் நின்ற அளவுகூட நேற்று அவன் நிற்கவில்லை.

வியாழக்கிழமை திரும்பப் பார்ப்பார்கள். உன் மேல் எனக்குக் கோபம் கோபம்தான். ஆனாலும் வா. பிள்ளையை வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நீ உள்ளே போய் அவனுக்குப் பின்னால் நில்.

இப்படிக்கு,
உன் அத்தை