இரண்டாவது பிடிப்பு

1969 பெப்ரவரி 5, புதன்

கெண்டைக்கால் இன்னும் விடவில்லை. ஒன்பது நாளாகிவிட்டது. காலையில் எழும்பிக் காலை ஊன்றினால் சதைக்குள் கயிறு முறுகுவது போல இருக்கிறது. பூரணம் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். "கிணத்தடிக்குப் போகாதையுங்கோ, நான் தண்ணி கொண்டு வாறன்" என்றாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் எனக்குத் தண்ணீர் சுமந்தது இதுதான் முதல் தடவை.

தங்கச்சி நாகேஸ்வரி வீட்டில் அவள் கணவனுக்கு எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்துவிட்டது. நாகேஸ்வரி என்னோடு அதிகம் கதைக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 6, வியாழன்

கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் காரியதரிசி நான். நடந்ததைச் சங்கப் புத்தகத்தில் பதியச் சொல்லித் தலைவர் கதிரவேலு அண்ணை கேட்டிருக்கிறார். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சனவரி 27, திங்கள் காலை. நானும் நாகேஸ்வரியின் கணவன் முத்துக்குமாருவும் வலை எடுத்துக்கொண்டு திரும்பினோம். மயிலிட்டிக் கரைக்கு இரண்டு மைல் இருக்கும்போது வாடை அலை வள்ளத்தைக் கவிழ்த்தது. பாய்மரம் அடித்து முத்துக்குமாருவின் தோள் விலகிவிட்டது; அவனால் நீந்த முடியாது. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் அவனை ஏற்றி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டிக் கொடுத்தேன். "நீ போ மச்சான். ஆளைக் கூட்டிக்கொண்டு வா. நான் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன்" என்றான். ஒரு பலகையைக் கையோடு கொண்டு நீந்தினேன். பாதி வழியில் கெண்டைக்கால் குறண்டிப் பிடித்தது. மல்லாந்து கிடந்தேன். விட்டது. மறுபடியும் நீந்த, இரண்டாவது தரமும் பிடித்தது. அதனால் நேரம் சுணங்கிவிட்டது. நான் கரைக்கு வந்து சொல்ல, அங்கே நின்ற தம்பிஐயா தன் வள்ளத்தோடு போனார். அங்கே கயிறு மட்டும் இருந்தது. இரண்டு நாள் கழித்து உடல் காங்கேசன்துறைப் பக்கம் ஒதுங்கியது.

வாசித்துப் பார்த்தேன். அப்படியே பதியலாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கூட்டத்தில் வாசித்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "கால் பிடிச்சால் ஆரென்ன செய்யிறது" என்றார் கதிரவேலு அண்ணை. தம்பிஐயா மட்டும் நிலத்தைப் பார்த்தபடி, "கன நேரம் தாக்குப்பிடிச்சிருக்கிறான். கயித்திலை அவன்ரை கைரத்தம் கிடந்தது" என்றார். நான் புத்தகத்தை மூடினேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

டிஸ்பென்சரிக்குப் போனேன். அப்போதிக்கரி ஐயா காலை அமத்திப் பார்த்தார். குளிர்ந்த தண்ணீரில் அளவுக்கு மிஞ்சி நீந்தினால் வருகிற பிடிப்புத்தானாம். பூசுவதற்கு எண்ணெய் தந்தார். "இன்னும் ஒரு கிழமை. பிறகு இருந்த இடமே தெரியாது" என்றார். மற்றவர்கள் கேட்டால் சந்தோஷப்படுகிற செய்தி. நான் எண்ணெய்ப் போத்தலைப் பூரணத்துக்குக் காட்டாமல் கூரை இறப்பில் சொருகிவிட்டேன்.

பெப்ரவரி 15, சனி

வலி குறைந்துகொண்டு போகிறது. சந்தைக்கு நேராகத்தான் நடந்து போனேன். திரும்பி வரும்போது நாகேஸ்வரியின் வேலி வந்ததும் கால் நொண்டியது. தானாகவா? இல்லை. நொண்டினேன். நாற்பத்து நான்கு வயது மனிதன், தங்கச்சி வீட்டு வேலியோரம் பொய்க்கு நொண்டிக்கொண்டு —

இந்த நோ போய்விட்டால் பிறகு எதைக் காட்டுவேன்?

பெப்ரவரி 18, செவ்வாய்

நாகேஸ்வரிக்கு அரிசி கொண்டுபோனேன். சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணை, இரண்டாந்தரம் எந்தக் கால் பிடிச்சது?"

"இடது."

"செத்த வீட்டிலை வலது எண்டு சொன்னனீங்கள்."

"எனக்கு நினைவில்லைப் பிள்ளை. அந்த நேரம் ஆர் அதையெல்லாம் பார்த்தது?"

"ஓம்" என்றாள். சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 19, புதன்

இரண்டாவது தரம் பிடிக்கவில்லை.

எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 26, புதன்

இன்று கீரிமலையில் முத்துக்குமாருவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கிரியை முடிந்து எல்லோரும் கடலில் முழுகினோம். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நீந்திப் பார்த்தேன். ஏன் போனேன்? தெரியவில்லை. இருபது பாகத் தூரம் போயிருக்கமாட்டேன், கால் பிடித்தது. உண்மையான பிடிப்பு, கல்லுப்போல. கூப்பிடவில்லை. மல்லாந்து கிடந்து எண்ணினேன். நூற்றுப்பத்து எண்ண முன்னம் விட்டுவிட்டது.

அண்டைக்கும் பிடிப்பு உவ்வளவு நேரந்தானே கிடந்திருக்கும்! மிச்ச நேரமெல்லாம் பலகையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு என்ன செய்தனான்? இன்னொருக்கால் பிடிச்சால் கடலுக்குள்ளை தாண்டுபோவன் எண்டு பயம். கரை தெரிஞ்சது. கோயில் கூடத் தெரிஞ்சது. கால் அசையுது, கை அசையுது, நான் மட்டும் அசையேல்லை. எவ்வளவு நேரம்? கால் மணியா, ஒரு மணியா? கடவுளே, அதுகூட எனக்குத் தெரியாதே.

பெப்ரவரி 27, வியாழன்

விடிந்ததும் போய் நாகேஸ்வரியிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். அழுவாள், மண்ணை வாரி எறிவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"பயந்திட்டன் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை. ரெண்டு பேருமாக் கிடந்து அழுதிருப்பம். நீங்கள் காலைச் சொன்னபடியால் நான் ஒரு மாதமா உங்கடை காலையே பார்த்துக்கொண்டிருந்தன். அவரை நினைச்சு அழக்கூட விடேல்லை நீங்கள்."

"பிள்ளை —"

"போங்கோ. நான் கூப்பிடாமல் இஞ்சை வராதையுங்கோ."

பூரணத்துக்கும் சொன்னேன். சோறு போட்டாள். பிறகு, "சாப்பிடுங்கோ" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

சங்கக் கூட்டம். பதிந்ததைத் திருத்த வேண்டும் என்றேன். கதிரவேலு அண்ணை, "இனி ஏன் உதைக் கிண்டுறாய்? ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்றார். எழுதியவன் நான், திருத்துகிறவனும் நான் என்று சொல்லிவிட்டு, 'இரண்டாவது தரமும் பிடித்தது' என்ற வரியை வெட்டி, 'பயத்தினால் தாமதித்தேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அதை எல்லோருக்கும் வாசித்தேன். காரியதரிசி வேலையையும் விட்டுவிட்டேன். தம்பிஐயா மட்டும் வாசல்வரை கூட வந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

வலி சுத்தமாக இல்லை. அரிசியைப் பூரணம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நாகேஸ்வரி வாங்குகிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

தம்பிஐயா தன் வள்ளத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார். கரை மறைந்ததும் வள்ள விளிம்பில் குனிந்து சத்தி எடுத்தேன். அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு தண்டு வலித்தார்.

ஜூன் 12, வியாழன்

சோளகம் எதிர்க்காற்று. பாய் உதவவில்லை, வலித்துத்தான் வந்தோம். விடியக் கரை சேர வேண்டிய நாங்கள் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது.

கரையில் பூரணம் நின்றாள். பக்கத்தில் நாகேஸ்வரி. நான் இறங்கி நடந்து வரும்வரை பார்த்திருந்துவிட்டு, "மச்சாள், உங்கடை ஆள் வந்திட்டார்" என்று பூரணத்திடம் சொன்னாள். உடனே திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அவளுடைய சீலை முழங்கால்வரை நனைந்திருந்தது.